அரை வினாடிக்குள் அடங்காத விரல்கள்



கணினிக்கூடத்தில் நம் பிள்ளைகள் படும் இடர்களுள் மிகச் சிறியது எது என்று கேட்டால், சுட்டியை இருமுறை சொடுக்கத் தெரியாமைதான் என்று பலரும் சொல்லிவிடுவார்கள். "இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று சிலர் புன்னகைக்கவும் கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு புன்னகைத்தவள்தான். அந்தப் புன்னகை ஒரு பிள்ளையை எவ்வளவு காயப்படுத்தியது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

2003ஆம் ஆண்டு. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து எனக்கு ஓராண்டுகூட நிறைவடையவில்லை. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டுதான் தொடங்கியது. அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகளும் எல்சிடி புரொஜெக்டர்களும் வந்து சேர்ந்த காலம் அது. எங்குத் திரும்பினாலும் கணினி என்றே பேச்சு. நான் பணியாற்றிய தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் சிறிய அறையொன்றைக் கணினிக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கணினி கற்ற இளம் ஆசிரியை என்பதால் அதன் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலாம் ஆண்டில் ஒரு மாணவி இருந்தாள். எழுத்துக்கூட்டி வாசிப்பதில் வகுப்பிலேயே முன்னிற்பவள். எதையும் நிதானமாக, பார்த்துப் பார்த்துச் செய்பவள். அவள் பாடக் கோப்புறையின் மேல் சுட்டியைக் கொண்டுபோய் ஒருமுறை அழுத்துவாள், திரையைப் பார்ப்பாள், பிறகு மீண்டும் ஒருமுறை அழுத்துவாள். கோப்புறை திறக்காது. "டீச்சர், திறக்க மாட்டேங்குது" என்பாள். "சீக்கிரமா ரெண்டு தடவ தட்டும்மா" என்பேன். அவள் அவசரமாகத் தட்டுவாள், கை நகர்ந்துவிடும், கோப்புறை திரையின் வேறு மூலைக்கு இழுபட்டுப் போகும். ஒரு நாள் அவள் கோப்புறையின் பெயரையே மாற்றிவிட்டாள். எப்படி மாற்றினாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை என் பதிவேட்டில், "கணினி அடிப்படைத் திறனில் பின்தங்கியுள்ளார்" என்று அவளைப் பற்றி எழுதினேன். அதன்பின் அந்தப் பிள்ளை கணினிக்கூடத்துக்கு வந்தால் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பாள். பக்கத்தில் இருப்பவள் சொடுக்க, இவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சில வாரங்கள் கழித்து, பழுதடைந்த ஒரு கணினியைச் சரிபார்க்க இளைஞர் ஒருவர் வந்திருந்தார். அவளைச் சற்று நேரம் கவனித்தவர், கண்ட்ரோல் பேனலைத் திறந்து அங்கிருந்த ஒரு சிறு பட்டையை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். "இப்போ தட்டு" என்றார். அவள் தன் இயல்பான வேகத்தில் ஒருமுறை தட்டி, மறுமுறையும் தட்டினாள். கோப்புறை திறந்தது. "பிள்ளை கையில ஒன்னும் கொறையில்ல டீச்சர். கணினிதான் அவசரப்படுது" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தப் பட்டை என்ன செய்தது என்பதைத் தேடிக் கற்றுக்கொண்டேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதனை அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஓர் உண்மை. 'இரட்டைச் சொடுக்கு' என்ற ஒன்று சுட்டிக்குத் தெரியாது. பொத்தான் கீழே போயிற்று, பொத்தான் மேலே வந்தது என்னும் இரண்டு செய்திகளைத்தான் அது கணினிக்கு அனுப்புகிறது. அவை ஒற்றைச் சொடுக்கா இரட்டைச் சொடுக்கா என்று முடிவு செய்வது இயங்குதளம் என்னும் மென்பொருள். விண்டோஸ் இதனை எவ்வாறு முடிவு செய்கிறது? முதல் அழுத்தம் வந்தவுடன் அது நிகழ்ந்த நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொள்கிறது. அடுத்த அழுத்தம் வரும்போது சில கேள்விகளைக் கேட்கிறது. அதே பொத்தான்தானா? அதே சாளரத்தில்தானா? குறித்த காலத்துக்குள் வந்ததா? குறித்த இடத்துக்குள் வந்ததா? எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் அது இரட்டைச் சொடுக்கு. ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால், அது புதியதோர் ஒற்றைச் சொடுக்கு.

அந்தக் காலம் எவ்வளவு? விண்டோஸில் யாரும் மாற்றாதவரை 500 மில்லி வினாடி, அதாவது அரை வினாடி. அந்த இடம் எவ்வளவு? முதல் அழுத்தம் விழுந்த புள்ளியைச் சுற்றி 4 படப்புள்ளி அகலமும் 4 படப்புள்ளி உயரமும் கொண்ட ஒரு குட்டிப் பெட்டி. திரையில் அது ஓர் எழுத்தைவிடச் சிறியது. ஆறு வயதுப் பிள்ளை, தன் உள்ளங்கைக்குள் அடங்காத பெரியவர்களுக்கான சுட்டியைப் பிடித்துக்கொண்டு, அரை வினாடிக்குள், அந்தக் குட்டிப் பெட்டியை விட்டு விலகாமல் இரண்டு முறை அழுத்த வேண்டும். நாம் 'மிகச் சிறிய திறன்' என்று சொல்வது இதைத்தான்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தவற்றைத் திரும்பிப் பார்ப்போம். அவள் நிதானமாக அழுத்தியபோது இரண்டாவது அழுத்தம் அரை வினாடியைத் தாண்டி வந்தது. எனவே அது இரண்டு தனித்தனி ஒற்றைச் சொடுக்குகளாகக் கொள்ளப்பட்டது. அவள் அவசரப்பட்டபோது, பொத்தான் அழுந்தியிருக்கும்போதே கை நகர்ந்தது. அது 'இழுத்தல்' என்று கொள்ளப்பட்டது. பெயர் மாறியதற்கும் காரணம் உண்டு. ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கோப்புறையின் பெயரின்மேல் மீண்டும் ஒருமுறை சொடுக்கினால், "இவர் பெயரை மாற்ற விரும்புகிறார்" என்று விண்டோஸ் கருதும். அவளுடைய முதல் சொடுக்கு கோப்புறையைத் தேர்ந்தெடுத்தது. தாமதமாக வந்த இரண்டாவது சொடுக்கு பெயர் மாற்றும் கட்டத்தைத் திறந்தது. பிறகு விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் அதுவே புதிய பெயர். அதிலும் கவனியுங்கள்: பெயரை வாசித்து, அந்தப் பெயரின் மேலேயே சொடுக்கும் பிள்ளைக்குத்தான் இது நேரும். படத்தின்மேல் சொடுக்கும் பிள்ளைக்கு நேராது. நன்றாக வாசிக்கத் தெரிந்ததற்காகவே அவள் மாட்டிக்கொண்டாள்!

மூன்று பிழைகளும் விதிமுறைப்படியே நடந்தவை. கணினி தன் விதியைப் பிசகாமல் பின்பற்றியது. அந்த விதி இன்னதென்று நான்தான் அறிந்திருக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. முதல் அழுத்தம் வந்த அந்தக் கணத்தில், இரண்டாவது வருமா வராதா என்பது கணினிக்குத் தெரியாது. அதன்முன் இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, உடனே ஒற்றைச் சொடுக்குக்கு உரிய வேலையைச் செய்துவிடுவது. மற்றொன்று, அரை வினாடி காத்திருந்து பார்த்துவிட்டுச் செய்வது. காத்திருந்தால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கணினி தயங்கித் தயங்கி நிற்கும். ஆகவே பெரும்பாலும் முதல் வழியே பின்பற்றப்படுகிறது. முதல் சொடுக்கு ஒற்றையாகவே நிரலுக்குப் போய்ச் சேர்கிறது. அதன் வேலை நடக்கிறது. பின்னர் இரட்டைச் சொடுக்கு என்ற செய்தி போகிறது. ஆதலால் நல்ல மென்பொருளில் இரட்டைச் சொடுக்கின் செயல், ஒற்றைச் சொடுக்கினது செயலின் தொடர்ச்சியாக இருக்கும். ஒருமுறை சொடுக்கினால் தேர்ந்தெடுக்கும். மறுமுறை சொடுக்கினால் தேர்ந்தெடுத்ததைத் திறக்கும். மைக்ரோசாப்ட் வேர்டில் ஒருமுறை சொடுக்கினால் சுட்டுமுனை ஓரிடத்தில் நிற்கும். இருமுறை சொடுக்கினால் அந்தச் சொல் தெரிவாகும். மும்முறை சொடுக்கினால் பத்தி முழுவதும் தெரிவாகும். ஒன்றின்மேல் ஒன்றாக வளர்கிறதே தவிர, ஒன்றை ஒன்று அழிப்பதில்லை.

காத்திருக்கும் வழிக்குக் கைத்தொலைபேசி ஓர் எடுத்துக்காட்டு. திரையை இருமுறை தட்டினால் பக்கம் பெரிதாகும் வசதி ஐபோனோடு 2007இல் வந்தது. அந்த வசதிக்காக, ஒருமுறை தட்டினாலும் இரண்டாவது தட்டல் வருகிறதா என்று உலாவிகள் ஏறத்தாழ 300 மில்லி வினாடி காத்திருந்தன. கைத்தொலைபேசிக்கென்றே வடிவமைத்த பக்கங்களில் இந்தக் காத்திருப்பை 2014 வாக்கில் குரோம் உலாவியும் 2016இல் ஐபோனின் சபாரி உலாவியும் நீக்கின. ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குத் தாமதத்தைப் பெரியவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாததால் மென்பொருளையே மாற்றினார்கள். அதுபோன்ற ஒரு சிறு தாமதத்துக்காகத்தான் நாம் பிள்ளைகளைப் 'பின்தங்கியவர்' என்கிறோம்.

இந்த அரை வினாடி என்னும் அளவு எங்கிருந்து வந்தது? அது இயற்கையின் விதியன்று. மனிதர் எடுத்த முடிவு. ஆப்பிள் நிறுவனம் 1983இல் வெளியிட்ட லிசா கணினியில் சுட்டிக்கு ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று புதியவர் குழம்பக் கூடாது என்பது நல்ல நோக்கமே. ஆனால் ஒரு பொத்தானைக் கொண்டு ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைச் செய்ய வேண்டுமானால், வேறுபாட்டை வேறெங்காவது வைத்தாக வேண்டும். அதைக் காலத்தில் வைத்தார்கள். பொத்தானைத் தேடும் சுமை கண்ணிலிருந்து இறங்கியது. நேரத்தைக் கணிக்கும் சுமை விரலில் ஏறியது. அன்று ஏறிய சுமைதான் நம் கணினிக்கூடம் வரை வந்து நிற்கிறது.

காலத்தால் ஒன்றையும் இரண்டையும் வேறுபடுத்துவது தமிழாசிரியர்களாகிய நமக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை, மெய்க்கு அரை மாத்திரை என்று நாள்தோறும் கற்பிக்கிறோம். 'பல்' என்பதும் 'பால்' என்பதும் காலத்தால் வேறுபடுபவை. 'எடு' என்பதற்கும் 'எட்டு' என்பதற்கும் இடையே நிற்பது ஒரு மெய்யின் இறுக்கம். அந்த மாத்திரைக்கு அளவு எது? கண் இமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு வகுக்கிறது. நொடித்தல் என்றால் விரலைச் சொடுக்குதல். நாம் இன்று சுட்டிக்குச் சொல்லும் அதே சொடுக்கு!

நம் முன்னோர் கண்ட அந்த அளவில் ஓர் அழகு இருக்கிறது. அது மனித உடலிலிருந்து எடுக்கப்பட்ட அளவு. வகுப்பில் ஒரு பிள்ளை மெதுவாக வாசித்தால், அவளுடைய குறிலும் நீளும், நெடிலும் நீளும். அவளது நெடிலை அவளது குறிலோடுதான் ஒப்பிட்டுக் கேட்கிறோம். அதனால் அவள் மெதுவாக வாசித்தாலும் 'பல்' 'பல்'லாகவே கேட்கும். 'பால்' 'பால்' ஆகவே கேட்கும். மணிப்பொறியைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் குறில் கால் வினாடியைத் தாண்டிவிட்டது, ஆகவே அது நெடில்" என்று எந்த ஆசிரியரும் சொல்வதில்லை. கணினியோ எல்லா விரல்களையும் ஒரே அரை வினாடியால் அளக்கிறது. அதற்குப் பிள்ளையைத் தெரியாது. நமக்குத் தெரியும். அதனால்தான் அளவைத் திருத்தும் பொறுப்பும் நம்முடையதாகிறது.

"அப்படியானால் பிள்ளைகளுக்கு வேகமே வேண்டாமா? அளவைத் தளர்த்திக்கொண்டே போனால் அவர்கள் எப்போது கற்றுக்கொள்வார்கள்?" என்று ஓர் ஆசிரிய நண்பர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். அளவை வரம்பின்றித் தளர்த்தவும் முடியாது. காலம் மிக நீண்டால், பிள்ளை வேண்டுமென்றே தனித்தனியாகச் செய்த இரண்டு சொடுக்குகளையும் கணினி ஒன்றாகச் சேர்த்து இரட்டையாக்கிவிடும். தேர்ந்தெடுக்க நினைத்தது திறந்துகொள்ளும். ஆகவே 'சரியான அளவு' என்று எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இல்லை. 'பொருத்தமான அளவு' என்றுதான் உண்டு. முதலில் பிள்ளையின் வேகத்துக்கு அளவைக் கொண்டுவருவோம். அவள் தன்னம்பிக்கை பெற்றபின் சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டுவோம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையைச் சரளமாக வாசிக்க வைப்பதும் இதே முறையில்தானே?

நடைமுறையில் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, விண்டோஸ் கணினியின் கண்ட்ரோல் பேனலில் 'மௌஸ்' என்னும் பகுதியைத் திறந்தால் இரட்டைச் சொடுக்கின் வேகத்தை மாற்றும் பட்டை இருக்கும். அதன் அருகிலேயே சோதித்துப் பார்க்க ஒரு கோப்புறைப் படமும் இருக்கும். அந்தப் பட்டையைக் கொண்டு காலத்தை 200 மில்லி வினாடியிலிருந்து 900 மில்லி வினாடி வரை மாற்றலாம். ஆண்டின் தொடக்கத்தில், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் கணினிக்கூடத்துக்கு வருமுன் இதை மெதுவான பக்கம் நகர்த்திவிடுங்கள். ஒரு கணினிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. மேக் கணினியில் இவ்வசதி அணுகல்தன்மை அமைப்புகளுக்குள் உள்ளது.

இரண்டாவது, இரட்டைச் சொடுக்கு ஒன்றே வழி என்று கற்பிக்காதீர்கள். ஒருமுறை சொடுக்கித் தேர்ந்தெடுத்துவிட்டு, விசைப்பலகையில் எண்டர் விசையை அழுத்தினாலும் கோப்புறை திறக்கும். இதில் அவசரமும் இல்லை. கை நடுங்கினாலும் கவலை இல்லை. ஒரே சொடுக்கில் திறக்கும்படி அமைத்துக்கொள்ளும் வசதியும் விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருந்துவருகிறது.

மூன்றாவது, பெயரின்மேல் அன்றிப் படத்தின்மேல் சொடுக்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சொல் போதும், பெயர் மாறும் விபத்துகள் பெரிதும் குறையும்.

நான்காவது, சுட்டியையும் சந்தேகப்படுங்கள். பொத்தானுக்கு அடியில் உள்ள உலோக முனைகள் ஒன்றோடொன்று தொடும்போது சில மில்லி வினாடிகளுக்குத் துள்ளும். அந்தத் துள்ளலை வடிகட்டித்தான் சுட்டி ஒரே அழுத்தமாகக் கணினிக்குச் சொல்கிறது. நாட்பட்டுத் தேய்ந்த சுட்டியில் துள்ளல் அதிகமாகி வடிகட்டலையும் மீறிவிடும். பிள்ளை ஒருமுறைதான் அழுத்தியிருப்பாள். கணினி இருமுறை என்று கொள்ளும். "நான் ஒரு தடவதான் டீச்சர் தட்டினேன்" என்று பிள்ளை சொன்னால், பொய் என்று முடிவு கட்டுமுன் அந்தச் சுட்டியில் நீங்கள் ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். இன்றைய பிள்ளைகள் சுட்டியைப் பிடிக்குமுன்பே கைத்தொலைபேசியில் விரல் வைத்தவர்கள். ஒருமுறை தட்டினால் எல்லாம் திறக்கும் உலகிலிருந்து அவர்கள் கணினிக்கு வருகிறார்கள். இரண்டுமுறை எதற்கு என்று அவர்கள் கேட்பது மந்தம் அன்று, நியாயம். மறுபுறம், கணினியை முதலில் பழகிய நம் தலைமுறையினர் சிலருக்கு எதையும் இருமுறை சொடுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இணையத்தில் இணைப்புக்கும் பொத்தானுக்கும் ஒரு சொடுக்கே போதும். 'அனுப்பு' என்ற பொத்தானை இருமுறை சொடுக்கினால், சரிவர வடிவமைக்கப்படாத பக்கங்களில் ஒரே விண்ணப்பம் இருமுறை போய்விடும். பிள்ளைகளின் தயக்கத்தைப் பார்த்துச் சிரிக்குமுன் நம் விரல்களையும் ஒருகணம் கவனிப்போம்.

இறுதியாக, என் மனத்தை இன்றும் உறுத்துவது ஒன்றுண்டு. அன்று என் பதிவேட்டில் நான் எழுதிய அந்த வரி. நான் அளந்தது அவளுடைய அறிவை அன்று. யாரோ வைத்துவிட்டுப் போன ஓர் அரை வினாடியோடு அவளுடைய விரல் பொருந்துகிறதா என்பதை மட்டுமே அளந்தேன். அளவுகோலைப் பார்க்காமலேயே பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்த வரியைப் பின்னர் அடித்துத் திருத்தினேன். அவள் மீண்டும் கைகளை மேசைமேல் எடுத்து வைக்க மேலும் சில வாரங்கள் ஆயின. பட்டையை நகர்த்த ஒரு கணம் போதுமாயிருந்தது. ஒரு பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்ட 'என்னால் முடியாது' என்பதை நகர்த்த அவ்வளவு காலம் ஆயிற்று.

மதிப்பீடு, அடைவுநிலை என்று நாம் நாள்தோறும் பிள்ளைகளை அளந்துகொண்டே இருக்கிறோம். அவற்றுள் எத்தனையில் இப்படியொரு மறைவான அரை வினாடி ஒளிந்திருக்கிறதோ! அடுத்த முறை ஒரு பிள்ளை, "டீச்சர், திறக்க மாட்டேங்குது" என்று சொன்னால், முதலில் பட்டை எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். பிறகு பிள்ளையைப் பார்ப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை